பாட்டி புடவையில் ஒரு குட்டிப் போர்வை: கையாலேயே தைப்பது எப்படி?

“பழைய துணிக்குப் பாத்திரம்... பழைய துணிக்குப் பாத்திரம்...”

தெருவில் இந்தக் குரல் கேட்டதும் பல வீடுகளில் பீரோ திறக்கும். அடித்தட்டில் மடித்து வைத்த பருத்திப் புடவைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். நாலு புடவைக்கு ஒரு எவர்சில்வர் டப்பா என்று பேரம் நடக்கும். அந்த நாலில் ஒன்று, இறந்துபோன பாட்டி கட்டிய சுங்குடிச் சேலையாக இருந்தால்தான் சிக்கல்.

“அத மட்டும் போடாதம்மா.”

“வெச்சுக்கிட்டு என்னடி பண்றது? நடுவுல நைஞ்சு போச்சு. கட்டவும் முடியாது, யாருக்கும் குடுக்கவும் முடியாது.”

அம்மா சொல்வதும் நியாயம்தான். பாத்திரத்துக்குப் போடவில்லை என்றால் அந்தப் புடவை மறுபடி பீரோவுக்குள்தான் போகும். இன்னும் சில வருடங்களில் மடிப்பு மடிப்பாகக் கிழியும், அல்லது பூச்சி அரிக்கும். மகள் சொல்வதும் நியாயம்தான். அதில் பாட்டி இருக்கிறார்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நைந்த பகுதியை ஒதுக்கிவிட்டு, நன்றாக இருக்கும் பகுதியைச் சிறு சதுரங்களாக வெட்டி, வேறு பழைய துணிகளோடு சேர்த்து, கையாலேயே ஒரு சின்ன ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது. ஆங்கிலத்தில் ‘பேட்ச்வொர்க் குவில்ட்’ என்பார்கள். தையல் மெஷின் வேண்டாம், தையல் வகுப்பும் வேண்டாம். ஆனால் புடவையை வெட்டினால் வெட்டியதுதான், திரும்ப ஒட்ட வைக்க முடியாது. அதனால் கத்தரிக்கோலை எடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

குவில்ட் என்றால் என்ன?

மூன்று அடுக்குத் துணியைச் சேர்த்துத் தைத்ததுதான் குவில்ட். மேலே முகப்புத் துணி, கீழே அடித்துணி, நடுவில் கதகதப்புக்கு ஏதாவது ஒன்று. நடு அடுக்கு பஞ்சாகவும் இருக்கலாம், இன்னொரு பழைய துணியாகவும் இருக்கலாம். மூன்றும் விலகாமல் இருக்க மேலிருந்து கீழ் வரை ஊசியைக் குத்தி எடுத்து முழுக்கத் தைப்பார்கள். இந்தத் தையலுக்குத்தான் ‘குவில்டிங்’ என்று பெயர்.

‘பேட்ச்வொர்க்’ என்பது வேறு வேலை. பல துண்டுகளை இணைத்து அந்த முகப்புத் துணியை உருவாக்குவது அது. ஆக, இரண்டு கட்டம்: முதலில் துண்டுகளை இணைக்கிறோம், பிறகு அடுக்குகளைச் சேர்க்கிறோம். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை தெளிவாகிவிடும்.

இது வெளிநாட்டுப் பழக்கமா?

பெயர்தான் வெளிநாடு. வேலை நமக்குப் பழையது. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி, ஓட்டத் தையல் போட்டுச் செய்வது ‘காந்தா’. அதில் பெரும்பாலும் பஞ்சு வைப்பதில்லை, துணி மேல் துணிதான். புடவைக் கரையிலிருந்து உருவிய நூலிலேயே தைப்பதும் அங்கே வழக்கமாக இருந்தது. பீகாரில் இதே மாதிரி வேலைக்கு ‘சுஜனி’ என்று பெயர். மகாராஷ்டிரத்தில் ‘கோதடி’. சிந்து, ராஜஸ்தான், குஜராத் பக்கம் ‘ரல்லி’.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகத்தினர், ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுடைய போர்வைக்குக் ‘கவந்தி’ என்று பெயர். அதில் துண்டுகளைத் தனியாக இணைத்து முகப்பு செய்வதில்லை. அடித்துணியை விரித்து, ஓரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு துண்டாக வைத்துத் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருகிறார்கள். கடைசியில் நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துணி முக்கோணங்களை வைத்துத் தைப்பார்கள். அதற்கு ‘பூலா’, அதாவது பூ என்று பெயர். பூலா இல்லாத போர்வையை முழுமையானதாக அவர்கள் கருதுவதில்லை.

தமிழ்நாட்டு வீடுகளிலும் பிறந்த குழந்தையைப் பழைய, மெத்தென்ற துணியில்தான் முதலில் சுற்றுகிறோம். தூளி கட்டுவதும் பழைய புடவையில்தான். பலமுறை துவைத்த பருத்திக்கு இருக்கும் மென்மை புதுத்துணிக்கு வராது என்பது நம் பாட்டிகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஏன் சின்னதாகத் தொடங்க வேண்டும்?

“தைக்கிறதுதான் தைக்கிறோம், கட்டிலுக்கே தைச்சிடலாமே” என்று தோன்றும். முதல் முறை தைப்பவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்கு இந்த ஆசைதான் காரணமாகிறது. ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம்.

5 அங்குலச் சதுரங்களாக வெட்டுகிறோம். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால், தைத்த பிறகு ஒரு சதுரம் நாலரை அங்குலம் இருக்கும். வரிசைக்கு 4 வீதம் 4 வரிசை, மொத்தம் 16 துண்டு. அளவு சுமார் 18 அங்குலச் சதுரம். இதை இணைக்க நாம் தைக்க வேண்டிய நீளம் சுமார் 10 அடி. 5 அங்குலம் தைக்க 10 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், சுமார் 4 மணி நேரம். தினம் அரை மணி உட்கார்ந்தால் எட்டு நாளில் முகப்பு தயார்.

அதே சதுரங்களில் 90க்கு 108 அங்குலக் கட்டில் போர்வை என்றால் 480 துண்டு வேண்டும். தைக்க வேண்டிய நீளம் சுமார் 360 அடி. அதே வேகத்தில் 145 மணி நேரத்துக்கு மேல். தினம் அரை மணி என்றால் பத்து மாதம் ஆகிவிடும். இதெல்லாம் துண்டுகளை இணைப்பதற்கு மட்டும். அதற்குப் பிறகுதான் குவில்டிங்கே ஆரம்பம்.

சின்னதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. 16 துண்டையும் ஒரே துணியில் வெட்டினால்கூட 20 அங்குலச் சதுரத் துணி போதும். ஐந்தரை மீட்டர் புடவையின் நீளத்தில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு மூன்று துணிகளைக் கலந்தால் இன்னும் குறையும். அதாவது, பாட்டி புடவை முழுவதையும் வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. தாவணி அளவுக்கு நல்ல துணி மிச்சம் இருக்கும். முதல் போர்வை சரியாக வரவில்லை என்றாலும் மறுபடி முயலத் துணி இருக்கும்.

18 அங்குலத்தில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். மேசை விரிப்பு, நாற்காலி மேல் போடும் துணி, பொம்மைக்குப் போர்வை, சுவரில் மாட்டும் துணி என்று எதுவாகவும் ஆகலாம். கை பழகியதும் வரிசைக்கு 6 வீதம் 36 துண்டு வைத்தால் 27 அங்குலம் வரும். மடியில் போட்டுக்கொள்ளப் போதும்.

எந்தத் துணியை எடுக்கலாம், எதை விடலாம்?

பருத்தி முதலிடம். சுங்குடி, செட்டிநாட்டுப் பருத்தி, கைத்தறி, பழைய சட்டை, பாவாடை, வேட்டி, தையல்காரரிடம் மிஞ்சும் டூ பை டூ ரவிக்கை பிட்டுகள் எல்லாமே பொருந்தும். ஒரே போர்வையில் சேர்க்கும் துணிகள் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்க வேண்டும். மெல்லிய புடவைத் துணியைக் கனமான ஜீன்ஸ் துணியோடு இணைத்தால், துவைக்கும்போது கனமானது மெல்லியதை இழுத்துக் கிழித்துவிடும்.

ஆரம்பத்தில் தவிர்க்க வேண்டியவை: பனியன் துணி (இழுபடும், அளவு மாறும்), பாலியஸ்டர் (மடிப்பு நிற்காது), பட்டு (வழுக்கும், துவைப்பதும் கடினம்). ஜரிகைக் கரை உறுத்தும் என்பதால் அதையும் விட்டுவிடலாம்.

பழைய துணியில் பார்க்க வேண்டியது மூன்று.

முதலாவது, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் சல்லடை மாதிரி தெரியும். புடவையில் கீழ்க்கரை தரையில் உரசும் இடமும், உட்கார்ந்து எழும் இடமும்தான் பெரும்பாலும் முதலில் நைந்துபோகும். ஃபால்ஸ் தைத்திருந்த இடத்தில் ஊசி ஓட்டை வரிசையாக இருக்கும், அதையும் தவிருங்கள்.

இரண்டாவது, இரண்டு கட்டை விரல்களையும் துணி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லேசாக இழுங்கள். நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை. நூல் விலகினாலோ ‘சர்ர்’ என்றாலோ அந்த இடம் வேண்டாம். பாவு, ஊடை இரண்டில் ஒன்று மட்டும் பலமிழந்திருப்பதும் உண்டு. அதனால்தான் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்க்கச் சொல்கிறோம்.

மூன்றாவது, சாயம். ஈரமான வெள்ளைத் துணியைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், தண்ணீர் தெளியும்வரை தனியாக அலச வேண்டும். அப்போதும் சாயம் போனால், அதை வெள்ளைத் துணியோடு சேர்க்காதீர்கள்.

புதுத்துணி கலந்தால் அதை முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் அது மட்டும் சுருங்கி, போர்வையே கோணிக்கொள்ளும்.

என்னென்ன வேண்டும்?

ஊசி, நூல்கண்டு, கூர்மையான கத்தரிக்கோல், ஸ்கேல், பென்சில், குண்டூசி, இஸ்திரிப் பெட்டி. இவ்வளவுதான். நடுவிரலுக்கு ஒரு அங்குஸ்தான் இருந்தால் நல்லது. மூன்று அடுக்கில் ஊசியைத் தள்ளும்போது விரல் புண்ணாகாது. நூல் பருத்தியாக இருக்கட்டும், இழுத்தால் சட்டென்று அறுந்துபோகும் மலிவான நூல் வேண்டாம்.

அளவு அட்டை இரண்டு செய்துகொள்ளுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையே போதும். ஒன்று 5 அங்குலச் சதுரம், வெட்டுவதற்கு. இன்னொன்று நாலரை அங்குலச் சதுரம், தையல் கோடு போடுவதற்கு. இந்த அட்டை கோணலாக இருந்தால் 16 துண்டும் கோணலாகிவிடும் என்பதால், இதில் மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டம்: துண்டுகளை இணைப்பது

துணியை இஸ்திரி போட்டு, நூல் ஓடும் திசைக்கு நேராக அட்டையை வைத்து வெட்டுங்கள். குறுக்காக, தையல்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் திசையில் வெட்டினால் துண்டு இழுபடும்.

ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் சின்ன அட்டையை நடுவில் வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் மேல்தான் தைக்கப்போகிறோம்.

16 துண்டையும் தரையில் பரப்பி, பிடித்த மாதிரி மாற்றி மாற்றி வையுங்கள். அடர்ந்த நிறமும் வெளிர்நிறமும் சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி வருவது எளிது, பார்க்கவும் நன்றாக இருக்கும். முடிவானதும் மொபைலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். தைக்கத் தைக்க வரிசை மறந்துபோகும்.

இப்போது இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் சேர்த்து வைத்து, கோட்டின் மூலைகள் பொருந்துமாறு குண்டூசி குத்துங்கள். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீள நூல் சிக்கும், உரசி நைந்தும் போகும். ஒற்றை நூலில் முடிச்சுப் போட்டு, சிறு சிறு ஓட்டத் தையலாகக் கோட்டின் மேல் தைத்துக்கொண்டு போங்கள். நாலைந்து தையலுக்கு ஒருமுறை ஒரு தையல் பின்னால் போய் வந்தால் பிடிப்பு உறுதியாகும். அவ்வப்போது திருப்பிப் பார்த்து, பின்னால் இருக்கும் துண்டிலும் கோட்டின் மேலேயே தையல் விழுகிறதா என்று கவனியுங்கள்.

நாலு துண்டு சேர்ந்தால் ஒரு வரிசை. தையல் ஓரத்தை இரண்டு பக்கமும் பிரித்து விடாமல், ஒரே பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். கைத்தையலில் ஓரத்தைப் பிரித்தால் இழுவை முழுவதும் நூல் மேல் விழும். முதல் வரிசையில் ஓரத்தை வலப்பக்கம் சாய்த்தால், அடுத்த வரிசையில் இடப்பக்கம் சாயுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது ஓரங்கள் ஒன்றுக்கொன்று கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும், மூலைகளும் பொருந்தும்.

இரண்டாம் கட்டம்: அடுக்குகளைச் சேர்ப்பது

நடுவில் எதை வைப்பது? குளிர்நாடுகளில் தடித்த பஞ்சு விரிப்பு வைப்பார்கள். சென்னை, மதுரை வெயிலுக்கு அது தேவையில்லை. துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டி இரண்டு மடிப்பு வைத்தால் போதும். பாட்டி புடவை வெளியிலும் தாத்தா வேட்டி உள்ளேயுமாக ஒரு போர்வை அமைந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் பழைய ஃபிளானல் போர்வையை வெட்டி வைக்கலாம்.

முகப்பு பதினெட்டரை அங்குலம் வந்திருக்கும். நடுத்துணியும் அடித்துணியும் 22 அங்குலம் எடுங்கள். அடித்துணியைத் தரையில் தலைகீழாக விரித்து, மூலைகளில் டேப் ஒட்டுங்கள். மேலே நடுத்துணி, அதன் மேல் முகப்பு. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிச் சுருக்கம் எடுங்கள். பிறகு வேறு நிற நூலில் பெரிய பெரிய தையல்களாக, நடுவில் தொடங்கி ஓரம் வரை நாலு பக்கமும் போட்டுவிடுங்கள். இது தற்காலிகத் தையல், கடைசியில் பிரித்துவிடலாம்.

இனி குவில்டிங். இதையும் நடுவிலிருந்தே ஆரம்பியுங்கள். ஓரத்திலிருந்து வந்தால் துணி நடுவில் புடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும், தையல் கோட்டிலிருந்து கால் அங்குலம் சற்றுத் தாண்டி உள்ளே ஒரு சதுரம் தையுங்கள். அங்கே உள்ளே மடிந்த ஓரம் குறுக்கே வராது என்பதால் ஊசி எளிதாகப் போகும். முடிச்சு வெளியே தெரியாமல் இருக்க ஒரு உத்தி உண்டு. மேலிருந்து குத்தி நடு அடுக்கில் ஓட்டி எடுத்து, நூலை லேசாகச் சுண்டி இழுத்தால் முடிச்சு ‘பொட்’ என்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அங்குலத்துக்கு ஐந்தாறு தையல் வந்தாலே போதும். தையல் சின்னதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம். முதல் இரண்டு கட்டங்கள் கோணல்மாணலாக வரும். பத்தாவது கட்டத்தில் கையே தாளத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக ஓரம். முதலில் நடுத்துணியை மட்டும் முகப்பின் அளவுக்கு வெட்டுங்கள். அப்போது அடித்துணியைப் பின்னால் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து வெட்டுப்படும். அடித்துணியை முகப்பைவிட ஒரு அங்குலம் அதிகமாக விட்டு வெட்டி, அரை அங்குலம் மடித்து, இன்னொரு மடிப்பு முகப்பின் மேல் போட்டு, ஓரத்தை எம்மிங் தையலால் பிடித்துவிடுங்கள். தற்காலிகத் தையலைப் பிரித்து எடுத்தால் போர்வை தயார்.

மெஷினில் தைத்தால் வேகமாக முடியுமே?

முடியும். தப்பும் இல்லை. ஆனால் நைந்த பருத்தியை மெஷினின் பல் சில நேரம் கடித்து இழுத்துவிடும். கையில் தைக்கும்போது, எந்த இடம் பலமாக இருக்கிறது, எது இளகியிருக்கிறது என்பது விரலுக்குத் தெரியும். அதோடு கைத்தையலை பஸ்ஸிலும், ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நேரத்திலும், டிவி பார்த்துக்கொண்டும் செய்யலாம். இரண்டு துண்டும் ஊசி நூலும் ஒரு சின்ன டப்பாவில் அடங்கிவிடும்.

சின்னத் துண்டுகள் காத்து வைத்த கதைகள்

1942இல் ஜப்பானிய ராணுவம் சிங்கப்பூரைப் பிடித்ததும், அங்கிருந்த ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஆண்கள் தனி, பெண்களும் குழந்தைகளும் தனி. அங்கே சிறுமிகள் சிலர் சாரணியர் குழு ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். தங்கள் தலைவியின் பிறந்த நாளுக்காக, கிடைத்த கந்தல் துண்டுகளை அறுகோணங்களாக வெட்டி, ரகசியமாக ஒரு போர்வை தைத்தார்கள். அது இப்போது லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே சிறையில் கனடாவைச் சேர்ந்த எதெல் முல்வானி முன்னின்று, பெண்களை வைத்து மூன்று பெரிய போர்வைகளைத் தைக்க வைத்தார். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஒரு பெண்ணுக்கு 6 அங்குலச் சதுரம் ஒன்று. அதில் தன் பெயரும், தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றும் தைக்க வேண்டும். காயம்பட்ட வீரர்களுக்காக என்று சொல்லி அவை அனுப்பப்பட்டன. அந்தப் பக்கம் இருந்த கணவர்களுக்கு, மனைவி உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தி அந்தச் சதுரங்கள் வழியாகவும் போக முடிந்தது.

அதே 1942இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற கிராமத்தில் மிசௌரி பெட்வே என்ற கறுப்பினப் பெண், இறந்துபோன கணவரின் வேலை உடைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு, அதைப் போர்த்திக்கொள்வதற்காக. அந்தக் கிராமத்துப் பெண்களின் போர்வைகள் 2002இல் பெரிய அருங்காட்சியகங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலைகளாக வெளியிட்டது.

குழந்தைக்குத் தைக்கலாமா?

தைக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை எதையும் வைக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. முகத்தை மூடி மூச்சை அடைக்கும் ஆபத்து உண்டு. அதனால் அந்த வயதில் இதைத் தரையில் விரித்து, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாட வைக்கப் பயன்படுத்துங்கள். பட்டன், மணி, ஜிகினா எதுவும் வேண்டாம். நூல்முனை எதுவும் வெளியே தொங்கக் கூடாது. விரல் மாட்டிக்கொள்ளும்.

துவைப்பது எப்படி?

முதல் இரண்டு முறை தனியாக, பச்சைத் தண்ணீரில், மிதமான சோப்பில் கையால் அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், டவலில் சுருட்டி அழுத்தினால் போதும். நிழலில் தட்டையாக விரித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் அதன் கனத்திலேயே தையல் இழுபடும்.

விற்கலாமா?

“நல்லா இருக்கே, ஒண்ணு தைச்சுக் குடு, காசு தரேன்” என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அப்போது மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். முகப்புக்கு மட்டும் 4 மணி நேரம். குவில்டிங், ஓரம் எல்லாம் சேர்ந்தால் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகலாம். அந்த நேரத்துக்கு நியாயமான கூலி போட்டால், கடையில் தொங்கும் மெஷின் போர்வையின் விலை பக்கத்தில்கூட வராது. அதனால்தான் இதை முதலில் பொழுதுபோக்காகச் செய்து பார்க்கச் சொல்கிறோம். விற்பதானால், மணிக்கணக்கை எழுதி வைத்துக்கொண்டு, அதைச் சொல்லியே விலை சொல்லுங்கள். குறைத்துக் கேட்டால் சங்கடப்பட வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்

போர்வை முடிந்ததும் பலர் செய்யத் தவறும் வேலை ஒன்று உண்டு. பின்பக்க மூலையில் பெயரும் வருடமும் தைப்பது. தைத்தவர் பெயர், துணி யாருடையது, எந்த ஊர், எந்த வருடம். நாலே வரி. சாங்கி பெண்கள் யார் யார் என்று இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர்கள் பெயரைத் தைத்து வைத்ததுதான். உலகம் முழுக்க எத்தனையோ வீடுகளில் இருக்கும் பழைய போர்வைகளை யார் தைத்தது, அது யாருடைய துணி என்று சொல்ல இன்று ஆளில்லை. உங்கள் பேத்தி கையில் இந்தத் துணி கிடைக்கும்போது, சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

சரி, அந்தச் சுங்குடிச் சேலை? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அம்மா, முழுசா வெட்டல. ஒரு முழம் மட்டும்.” ஒரு முழத்துக்கு அம்மா சம்மதித்துவிடுவார். முடிந்த போர்வையைப் பார்த்த பிறகு, “அந்த மஞ்சப் புடவை ஒண்ணு இருக்கு, உங்க அத்தை கட்டினது... அதுலயும் ரெண்டு துண்டு போடேன்” என்று அவரே எடுத்து வந்தாலும் வரலாம். பாத்திரக்காரர் இன்னொரு நாள் வருவார். கொடுக்க வேறு துணி இருக்கும்.